ஹார்லன் ஐயாவின் மத்தளம்

திண்டுக்கல், மேட்டுப்பட்டி
9-3-2025

அன்புப் பேத்தி இசைவாணிக்கு அம்மாச்சி எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நான் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? அங்கே பனி விட்டதா, இன்னும் குல்லா போட்டுக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போகிறாயா?

பக்கத்து வீட்டு நஜ்முன்னிசா போனில் நீ கூப்பிட்டபோது நான் பேச வரவில்லை என்று உனக்கு வருத்தமாம். போனில் பேசியது சாயங்காலத்துக்குள் மறந்துபோகிறது. கடிதம் என்றால் பெட்டியில் கிடக்கும், வேண்டும்போது எடுத்துப் படிக்கலாம். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "இவளை எட்டு வரைக்குமாவது அனுப்புங்க" என்று கேட்க பள்ளிக்கூடத்து மதர் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தார். அந்தக் கையெழுத்தை ஏன் வீணாக்க வேண்டும்? இனிமேல் நமக்குள் கடிதம்தான்.

நஜ்மா சொன்ன சேதிக்கு வருகிறேன். நீ ஒரு பாட்டுக் கோஷ்டியில் சேர்ந்து, சனி ஞாயிறு ஆனால் வேனில் ஊர் ஊராகப் போகிறாயாம். கோஷ்டி பேரில் 'பாய்ஸ்' என்று இருக்கிறதாம். "ஏன்டி நஜ்மா, பொம்பளப் பிள்ளைக்கு அந்தக் கோஷ்டியில என்னடி வேல?" என்று கேட்டேன். "வயலின் வாசிக்கிற வேலதான் பெரியம்மா" என்று சிரித்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் தடுக்கமாட்டேன். கால் மூட்டு சரிசெய்கிற படிப்புக்கு உன்னை அனுப்பியவளும் நான்தான், ஐந்து வயதில் நம் கோயில் ஜெரோம் மாஸ்டரிடம் வயலினுக்கு அனுப்பியவளும் நான்தான். ஆனால் எனக்கு விவரம் வேண்டும். ஒவ்வொருவரும் யார் வீட்டுப் பிள்ளை, என்ன வாத்தியம், அதை யாரிடம் கற்றார்கள்? கடைசிக் கேள்விதான் முக்கியம். ஜெரோம் மாஸ்டரிடம் கற்றவர்களை எங்கே பார்த்தாலும் சொல்லிவிடலாம். நகம் ஒட்ட வெட்டியிருக்கும், பூசைக்குப் பத்து நிமிடம் முன்னால் வந்து நிற்பார்கள். அதுபோல எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

இப்படிக்கு உன் நினைவாகவே இருக்கும்
அம்மாச்சி சவேரியம்மாள்


வர்ஜீனியா
30-3-2025

அன்புள்ள அம்மாச்சிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்தேன். நான் நன்றாக இருக்கிறேன். பனி போய்விட்டது, குளிர் போகவில்லை. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் சொன்ன பயிற்சியைச் செய்கிறீர்களா, அல்லது நஜ்மா அக்காவிடம் "செஞ்சேன்னு சொல்லிரு" என்கிறீர்களா?

கோஷ்டி விவரம் கேட்டீர்கள். இந்தப் பக்கத்து மலைக்காரர்களின் பாட்டுக்குப் புளூகிராஸ் என்று பேர். வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் ரோட்டில் ஏறினால் வருமே, அப்படிப்பட்ட மலை. என்னைச் சேர்த்து ஐந்து பேர்.

முதலில் ஹார்லன். எழுபத்தொரு வயது. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். முட்டி அறுவைச் சிகிச்சை முடிந்து என்னிடம்தான் பயிற்சிக்கு வந்தார். நான் வயலின் வாசிப்பேன் என்று வாய்தவறிச் சொன்னேன், விடவில்லை. அவர் வாத்தியம் பாஞ்சோ. வட்டமாக, மத்தளத்தின் ஒரு முகம் போலத் தோல் இழுத்துக் கட்டி, நீளக் கைப்பிடி வைத்தது. கற்றது அவர் அம்மாவிடம். அந்த அம்மா காலை உணவு முடிந்து பாத்திரம் கழுவப் போகும்முன் ஒரே ஒரு பாட்டு வாசிப்பாராம். தினம் ஒன்று. அதைப் பார்த்தே கற்றுக்கொண்டார்.

கர்ட்டிஸ் கிட்டார் வாசித்துப் பாடுவார். தாத்தா பிரசங்கியார். அவர்கள் கோயிலில் வாத்தியமே கிடையாதாம், வாயால் மட்டும்தான் பாட்டு. அதனால் அவர் குரல் கோயில் மணி மாதிரி. அவர் மனைவி டீனா, ஆள் உயர வயலினை நிற்க வைத்து வாசிப்பவர். பள்ளியில் சொல்லிக்கொடுத்ததாம். வெளியூரில் தங்கினால் நானும் டீனாவும் ஒரே அறை. இது உங்களுக்காக எழுதுகிறேன். நான்காவது நோலன், மாண்டலின். டயர் கடை வைத்திருக்கிறார். அவர் அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாண்டலின். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் தொடுவாராம்.

முதல் நாள் நான் ஜெரோம் மாஸ்டர் பழக்கத்தில் இசைக் குறிப்புத் தாள் வைக்கிற ஸ்டாண்டைக் கொண்டுபோய் விரித்து வைத்து, "நோட்டு எங்கே?" என்றேன். நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நோட்டே இல்லை, எல்லாம் காதால்தான். ஹார்லன் அந்த ஸ்டாண்டில் தன் தொப்பியை மாட்டிவிட்டு, "நல்லா உதவியா இருக்கு" என்றார்.

அம்மாச்சி, ஒன்று கேட்கவேண்டும். செப்டம்பரில் ஒரு வார இசை விழா. இவர்களுடைய பழைய வயலின்காரர் ஊரைவிட்டுப் போய்விட்டதால் என்னைக் கூப்பிடுகிறார்கள். அதில் சரியாக வாசித்தால் நான் நிரந்தரம். ஆனால் செப்டம்பரில் நான் ஊருக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். இந்த வருடம் ஒரு லீவுதான் மிச்சம். நீங்கள் சொல்வதுபோல் செய்கிறேன். நாங்கள் வாசித்த பாட்டு ஒன்றை நஜ்மா அக்கா போனுக்கு அனுப்பியிருக்கிறேன். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

முத்தங்களுடன்
இசைவாணி


திண்டுக்கல்
27-4-2025

கண்ணான இசைவாணிக்கு அம்மாச்சியின் ஆசீர். பாஸ்கா திருவிழா நல்லபடியாக முடிந்தது. இங்கே எல்லாரும் சுகம். அங்கே நீயும், உன்னோடு இருக்கும் நல்லவர்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

நல்லவர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அம்மாவிடம் கற்றவர், தாத்தா கோயிலில் பாடக் கற்றவர், கை கழுவிவிட்டு வாத்தியம் தொட்ட தகப்பனின் மகன். வேறென்ன வேண்டும்? டீனா என்ற அந்தப் பெண்ணுக்கு என் தனி நன்றியைச் சொல்லு. ஒரே அறை என்று படித்த பிறகுதான் அன்றைக்குச் சோறு இறங்கியது.

பாட்டைக் கேட்டேன். நஜ்மா போனைப் பிடித்துக்கொண்டாள். அருமையாக இருந்தது. நீ வாசித்தது அச்சாக ஜெரோம் மாஸ்டர் வாசித்தது போலவே இருந்தது. கர்ட்டிஸ் தம்பி குரல் நீ எழுதியது போல மணிதான். எல்லாரையும்விட எனக்குப் பிடித்தது ஹார்லன் ஐயாதான். அந்தத் தோலில் அவர் தட்டுகிற தட்டு இருக்கிறதே, நெஞ்சில் வந்து விழுகிறது. இந்த வயதில் கை இப்படிப் பேசுகிறதே! நம் ஊர்த் தேர்ப் பவனிக்கு அவர் மத்தளம் அடித்தால் கூட்டம் நகராது என்று நான் சொன்னதாகச் சொல்லு.

செப்டம்பர் விழாவுக்குப் போ. ஊருக்கு வரவேண்டாம். எனக்கு ஒரு குறையும் இல்லை, கல்லுப் போல இருக்கிறேன். இந்தப் பாஸ்காவுக்குப் பாடகர் குழுவில் நிற்கவில்லை, தொண்டை கட்டிக்கொண்டது, அவ்வளவுதான். மிளகுக் கஷாயம் குடித்தேன், சரியாகிவிட்டது.

பேத்தியை நினைத்துத் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடக்கும்
சவேரியம்மாள்


வர்ஜீனியா
18-5-2025

அன்புள்ள நஜ்மா அக்காவுக்கு,

வீட்டில் மாமாவும் ரோஷனும் நலம்தானே? இந்தக் கடிதம் அம்மாச்சிக்குத் தெரியவேண்டாம். மெசேஜ் அனுப்பினால் நீங்கள் சிரிக்கும் படம் ஒன்றைப் போட்டுத் தப்பித்துவிடுவீர்கள். அதனால்தான் தபால். உட்கார்ந்து பதில் எழுதுங்கள்.

ஹார்லன் மத்தளம் அடிப்பது நெஞ்சில் விழுந்தது என்று அம்மாச்சி எழுதியிருக்கிறார். அக்கா, எங்கள் கோஷ்டியில் மத்தளமே கிடையாது. இந்தப் பாட்டுக்கே கிடையாது. பாஞ்சோ தந்தி வாத்தியம், விரலால் மீட்டுவது. தோல் கட்டியது என்று எழுதியவள் தந்தியைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். என் கடிதத்தில் இருந்ததைத்தான் அம்மாச்சி திருப்பிச் சொல்லியிருக்கிறார். பாட்டில் இருந்தது ஒன்றுகூட அவர் கடிதத்தில் இல்லை.

அம்மாவுக்கு நோய் முற்றியபோது எனக்குப் பரீட்சை என்று மறைத்தீர்கள். நான் வந்தபோது சவப்பெட்டி மூடியிருந்தது. அன்றைக்கே உங்கள் இருவரிடமும் சொன்னேன், இனி எதையாவது மறைத்தால் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்பேன் என்று. ஞாபகம் இருக்கிறதா?

அம்மாச்சிக்குக் காது கேட்கிறதா, இல்லையா?

இசைவாணி


பேகம்பூர், திண்டுக்கல்
8-6-2025

அன்புத் தங்கச்சி இசைவாணிக்கு நஜ்மா அக்கா எழுதுவது. அல்லாவின் உதவியால் இங்கே அனைவரும் நலம். அம்மா வீட்டுக்கு வந்த இடத்தில் எழுதுகிறேன். அங்கே இருந்து எழுதினால் பெரியம்மா பேனா பிடித்த கையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடும்.

கேட்கவில்லை பாப்பா. ஒரு வருடம் ஆகிறது. இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதில் நான் கத்தினால் கொஞ்சம் விழும். உன் பாட்டைப் போட்டபோது போனைக் காதில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி, தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது. பாட்டு முடிந்து நான் போனை அணைத்த பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஜெரோம் மாஸ்டருக்கும் தெரியும். குருத்து ஞாயிறன்று எல்லாரும் மூன்றாம் அடியில் இருக்க, பெரியம்மா மட்டும் நான்காம் அடியைப் பாடிக்கொண்டு போய்விட்டதாம். மாஸ்டர் ஆர்மோனியத்தை நிறுத்தாமல் வாசித்துக்கொண்டு போனார். ஆனால் திரும்பிப் பார்த்த பிள்ளைகளின் முகத்தைப் பெரியம்மா பார்த்துவிட்டது. அடுத்த பூசையில் இருந்து பின் வரிசைத் தூண் பக்கம்தான் உட்காருகிறது.

நானே காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். மிஷின் வைத்தால் நன்றாகக் கேட்கும் என்று டாக்டர் எழுதிக் காட்டினார். இதற்கு என்ன பதில் தெரியுமா? "அத மாட்டிக்கிட்டுப் பாட்டுக்காரங்க வரிசையில நின்னா, கல்யாண வீட்டு மைக்செட்காரன் மாதிரி இருக்கும்டி. என்னைய விட்ரு." டாக்டரே சிரித்துவிட்டார்.

வீறாப்பு ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பயம். "அவளுக்குத் தெரிஞ்சா ஓடி வந்துருவா. செப்டம்பர்ல அவளுக்கு ஒரு நல்லது வருது. அத நான் கெடுக்கக் கூடாது. நீ சொன்னேன்னு வையி, உன் வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்" என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியது. சத்தியத்தை மீறி எழுதுகிறேன். உன் அம்மா விஷயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

உன் அக்கா
நஜ்முன்னிசா


வர்ஜீனியா
29-6-2025

அன்புள்ள அம்மாச்சிக்கு,

நலம். நீங்கள் நலம்தானே?

செப்டம்பர் விழாவுக்கு நான் வரவில்லை என்று கோஷ்டியில் சொல்லிவிட்டேன். ஊருக்கு வர டிக்கெட் போட்டுவிட்டேன். உங்களைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது, வேறொன்றும் இல்லை.

ஹார்லன் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் தமிழில் மாற்றி இதோடு வைக்கிறேன். என் கையெழுத்து, ஆனால் வார்த்தை எல்லாம் அவருடையது.

இசைவாணி


அன்புள்ள திருமதி சவேரியம்மாள் அவர்களுக்கு,

நான் ஹார்லன். உங்கள் பேத்தி என் முட்டியைச் சரிசெய்தவள். அதற்கு முதலில் உங்களுக்கு நன்றி. அவள் இல்லாவிட்டால் நான் மேடைப் படி ஏறியிருக்கமாட்டேன்.

என் தாளத்தை நீங்கள் பாராட்டியதாக மே மாதம் சொன்னாள். அறுபது வருடமாக வாசிக்கிறேன். என் தாளத்தைப் பாராட்டியவர் நீங்கள் ஒருவர்தான். ஏனென்றால் நான் தட்டுவதே இல்லை. பாஞ்சோவில் ஐந்து தந்தி. எங்கள் கோஷ்டியில் மத்தளமும் இல்லை. நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. இப்போது விழாவுக்கு வரவில்லை என்கிறாள், மற்றவர்களிடம் காரணம் சொல்லமாட்டேன் என்கிறாள். நான் கிழவன், விடாமல் கேட்டு என்னிடம் மட்டும் சொல்ல வைத்தேன். நானும் தலையாட்டியவன்தான்.

மூன்று வருடம் ஆட்டினேன். எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. பாட்டு முடியப்போகிறது என்றால் பாடுகிறவர் ஒரு காலைத் தூக்கிக் காட்டுவார். எல்லாரும் அதோடு நிறுத்துவோம். காது போன பிறகு கர்ட்டிஸின் காலை மட்டும் பார்த்தே காலம் தள்ளினேன். ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்தேன். ஒருநாள் கர்ட்டிஸ் மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்து காலில் கட்டோடு வந்தான். காலைத் தூக்க முடியவில்லை. தலையை அசைத்திருக்கிறான், நான் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். நான் ஒருவன் மட்டும் பாட்டு முழுவதையும் இன்னொரு தடவை தனியாக வாசித்தேன். முந்நூறு பேர் பார்த்தார்கள். பிறகு கைதட்டினார்கள், அம்மா. இரக்கப்பட்டுத் தட்டினார்கள். அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

திரும்பி வரும்போது நோலன் வேனை ஓரம் கட்டினான். அவன் அப்பா சுரங்கத் தூசியில் போன நுரையீரலை வீட்டில் சொல்லாமலே மறைத்துச் செத்தவர். "நாளைக்கு என்னோட டாக்டர்கிட்ட வர்றியா, இங்கயே இறங்கிக்கிறியா?" என்றான். வெளியே மழை. வருகிறேன் என்றேன்.

இப்போது இரண்டு காதிலும் மிஷின். என்னை யாரும் மைக்செட்காரன் என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் அதையும் தெளிவாகக் கேட்டிருப்பேன்.

உங்கள் பேத்தியை எங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. கேட்கிறேன்.

மரியாதையுடன்
ஹார்லன்


திண்டுக்கல்
20-7-2025

இசைவாணிக்கு.

சுகம் விசாரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். டிக்கெட்டை ரத்துச் செய்.

எனக்குக் காது கேட்கவில்லை. எழுதிவிட்டேன். இனி இதைப் பற்றி ஆளுக்கொரு பக்கம் ஒளிந்து ஒளிந்து எழுதவேண்டாம். மைக்செட்காரன் என்று நான் சொன்னது டாக்டர் அறைக்குள்ளே. அது வர்ஜீனியாவில் இருக்கிறவருக்கு எப்படித் தெரிந்தது என்று நஜ்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "பெரியம்மா, அடிச்சாலும் சரி, ஆமா, நாந்தான் எழுதுனேன்" என்று காதுக்குள் கத்தினாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தூக்குவாளியில் பிரியாணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தப்புச் செய்தவள் நான், கோபம் அவளுக்கு. என்ன செய்வது, சாப்பிட்டேன்.

ஹார்லன் ஐயா கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லமாட்டேன். முந்நூறு பேர் கைதட்டினார்கள் என்ற இடத்தில் தாளைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் கோயிலில் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்களே, அதேதான்.

இப்போது நம் இருவருக்கும் ஒரு பேச்சு. நான் மிஷின் மாட்டிக்கொள்கிறேன். நீ விழாவுக்குப் போகிறாய். நீ டிக்கெட்டை ரத்துச் செய்தது தெரிந்தால்தான் நான் டாக்டர் வாசலை மிதிப்பேன். இதில் ஏமாற்று வேலை கூடாது. நான் ஏமாற்றியதே போதும்.

அம்மாச்சி


வர்ஜீனியா
10-8-2025

அன்புள்ள அம்மாச்சிக்கு,

நலம், நலம், நலம். டிக்கெட்டைக் கிறிஸ்துமஸுக்கு மாற்றிவிட்டேன். சம்பளம் பிடித்துக்கொண்டு லீவு தருகிறார்களாம், பரவாயில்லை. மாற்றிய சீட்டை நஜ்மா அக்கா போனுக்கு அனுப்பியிருக்கிறேன். தேதியைப் பார்த்துவிட்டு, தயவுசெய்து டாக்டரிடம் போங்கள்.

விழாக்காரர்கள் ஒவ்வொரு கோஷ்டியிலும் யார் யார், எங்கே கற்றார்கள் என்று அச்சடிக்கக் கேட்டிருந்தார்கள். ஹார்லன் 'அம்மாவிடம்' என்று ஒரே வார்த்தை எழுதினார். கர்ட்டிஸ் பக்கம் பக்கமாக எழுதி, டீனா அதை வெட்டி வெட்டி நான்கு வரி ஆக்கினார். நான் ஜெரோம் மாஸ்டர் பெயரையும், நம் கோயில் பெயரையும், திண்டுக்கல் என்றும் எழுதிக் கொடுத்தேன். "இது எங்கே இருக்கு?" என்று அச்சடிக்கிறவர் கேட்டாராம். "பாட்டுக்கு நோட்டு வேணும்னு கேக்குற ஊர்" என்று நோலன் சொன்னாராம்.

கோஷ்டி பேரில் இருக்கிற 'பாய்ஸ்' என்பதை மாற்றலாமா என்று என்னைக் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். எங்கள் அம்மாச்சி அந்தப் பேரை வைத்து ஒரு கடிதம் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறார், அப்படியே இருக்கட்டும் என்றேன்.

நஜ்மா அக்கா மேல் கோபம் வேண்டாம். என் மேலும்.

இசைவாணி


திண்டுக்கல்
28-9-2025

மதிப்புக்குரிய ஹார்லன் ஐயா அவர்களுக்கு, திண்டுக்கல்லில் இருந்து இசைவாணியின் அம்மாச்சி சவேரியம்மாள் வணக்கம் சொல்லி எழுதுவது. நானும் என் அக்கம்பக்கமும் சுகம். நீங்களும், கர்ட்டிஸ் தம்பியும், டீனா மகளும், நோலன் தம்பியும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். கர்ட்டிஸ் தம்பியின் கால் இப்போது சரியாகிவிட்டதா?

இந்தக் கடிதத்தை இசைவாணிதான் உங்களுக்குப் படித்துச் சொல்வாள். ஆகையால் முதலிலேயே அவளுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இசைவாணி, ஒரு வரியையும் விடாதே, சுருக்காதே, அழகுபடுத்தாதே. அவர் எழுதியதை நீ எனக்கு எப்படிக் கொடுத்தாயோ அப்படியே கொடு.

ஐயா, ஆகஸ்ட் கடைசியில் மிஷின் மாட்டினேன். மொச்சைப் பயறு அளவுதான் இருக்கிறது. இதற்கா ஒரு வருடம் பயந்தேன் என்று வெட்கமாக இருந்தது. முதல் நாள் எல்லாமே கத்திக்குச் சாணை பிடிக்கிற சத்தம் போல இருந்தது. கழற்றிப் போடலாம் என்று நினைத்தபோது உங்கள் கடிதம் ஞாபகம் வந்தது. டாக்டர் இரண்டு தடவை திருகிச் சரிசெய்தார். அப்புறம்தான் என் சொந்தக் குரலே எனக்குக் கேட்டது. கேட்டுப் பதறிவிட்டேன். ஒரு வருடமாக நான் நஜ்மாவிடம் ரகசியம் பேசியதெல்லாம் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கிறது. ஒருவர்கூடக் காட்டிக்கொள்ளவில்லை. எங்கள் தெருவுக்கு அன்றைக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

ஞாயிறு பூசைக்குப் போனேன். ஜெரோம் மாஸ்டர் என் காதைப் பார்த்தார். பின் வரிசையில் இருந்த என் பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் முன் வரிசையில் என் இடத்தில் வைத்துவிட்டு, ஆர்மோனியத்தில் உட்கார்ந்துவிட்டார்.

இனி உங்கள் விழாப் பாட்டுக்கு வருகிறேன். நஜ்மா வீட்டில் உட்கார்ந்து கேட்டேன். ஐந்து பேரும் சேர்ந்து வாசிக்க, நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. உங்கள் பாஞ்சோவைக் கண்டுபிடித்தேன், தகரக் கூரையில் கோடை மழை விழுவது போல. திடீரென்று சத்தம் தணிந்துவிட்டது. மிஷின்தான் கெட்டுப்போனது என்று காதைத் தட்டப் போனேன். நஜ்மா கையைப் பிடித்து, "மிஷின் இல்ல பெரியம்மா, அவங்க மெதுவா வாசிக்கிறாங்க, கேளுங்க" என்றாள். நீங்கள் நாலு பேரும் உங்கள் வாத்தியத்தை அடக்கிக்கொண்டு வழி விட்டிருக்கிறீர்கள். அந்த வழியில் என் பேத்தியின் வயலின் வந்தது.

நான் பாடகர் குழுவில் ஐம்பது வருடம் நின்றவள். எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடுவதுதான் பெருமை என்று நினைத்து நின்றவள். நாலு பேர் தணிந்து ஒருத்திக்கு இடம் கொடுப்பதை நான் காதால் கேட்டது இப்போதுதான். அவள் வேற்றூர்க்காரி, நேற்று வந்தவள். நீங்கள் அம்மாவிடமும் அப்பாவிடமும் தாத்தாவிடமும் வாங்கியதை அவளுக்கு முன்னால் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தீர்கள். அதற்கு நன்றி. இதைவிடப் பெரிய வார்த்தை எனக்குத் தெரியவில்லை. ஐந்தாம் வகுப்பில் அதுவரைக்கும்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

அவள் நன்றாக வாசித்தாள். ஜெரோம் மாஸ்டர் போல இல்லை. முன்பு நான் அப்படி எழுதியது கேட்காமல் எழுதியது. அவள் அவளைப் போல வாசித்தாள். ஒரு இடத்தில் என் மகள், அவள் அம்மா, அடுப்படியில் முணுமுணுப்பாளே, அந்த இழுப்பு வந்தது. அது இவளுக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை. நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஐயா, கடைசியாக ஒன்று. இதை நான் உங்களுக்குத்தான் எழுதுகிறேன். என் மகளுக்கு முடியாமல் போனபோது பேத்திக்குத் தந்தி போல ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்து முகம் பார்த்திருப்பாள். சொல்லவேண்டாம் என்று தடுத்தது என் மகள் இல்லை. நஜ்மாவும் இல்லை. நான்தான். படிப்புக் கெட்டுவிடும் என்று நினைத்தேன். படிப்புக் கெடவில்லை. தடுத்தது யார் என்று அவள் என்னை ஒரு நாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. காதை மறைத்ததும் அதே புத்திதான். நான் செய்தது தப்பு. அவளிடம் நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் அவள் வாயாலேயே உங்களுக்குச் சொல்ல வைக்கிறேன்.

இந்த இடத்தில் அவள் படிப்பதை நிறுத்தினால், ஐயா, அவசரப்படுத்தாதீர்கள். செத்த நேரம் காத்திருங்கள்.

நன்றியோடும் வணக்கத்தோடும்
சவேரியம்மாள்